எண்ணப்படுகிறது

"யார் மேடம் எண்ணுறது? அந்த ஆளைக் கொஞ்சம் காட்டுங்க!"

மொழிபெயர்ப்பாளரின் மேசையில் தாளை அறைந்துவிட்டு நின்றான் பிரஸ் மெஷின் ஆபரேட்டர். வந்தது சண்டைக்குத்தான். ஆனால் வீட்டில் கைக்குழந்தை மூன்று மாதமாகத் தூங்கவிடவில்லை. மின்விசிறிச் சத்தத்தில் அறையே தண்ணீருக்கடியில் இருப்பதுபோல மெல்ல அசைந்தது.

தொழிற்சாலைக்கு வந்திருக்கும் ஜப்பான் நிபுணரின் அறிக்கை அது. மொழிபெயர்த்தது அந்த அம்மா. பக்கத்தின் அடியில் ஒரு வரி:

'மூன்றாம் மெஷினை இயக்குபவருக்குச் சில நாள் ஓய்வு தேவைப்படக்கூடுமோ என்று எண்ணப்படுகிறது.'

நிபுணர் வாக்கை மேனேஜர் தட்டுவாரா? நாளை முதல் அவனுக்குப் பத்து நாள் கட்டாய லீவு.

"அந்த மொழியில இப்படித்தான் எழுதுவாங்க, தம்பி. 'நான் நினைக்கிறேன்'னு எழுதினா முகத்துல அடிச்ச மாதிரி இருக்குமாம். அதனால எண்ணத்துக்கு ஆளே வைக்க மாட்டாங்க. மழை மாதிரி, அது பாட்டுக்கு வரும்."

மழை என்றதும் அவனுக்குக் கண் சொருகியது. சுதாரித்துக்கொண்டான்.

"எனக்கு ஆள் வேணும்! நான் திரும்பி வர்றப்ப என் மெஷின்ல வேற ஒருத்தன் நிப்பான். பச்சைப்பிள்ளையை வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்? வாங்க, அவர்கிட்டயே கேட்டுடலாம். நீங்க மொழிபெயர்த்துச் சொல்லுங்க."

அந்த அம்மா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். வந்து தாளைத் திருப்பி வைத்தார்.

"கோவத்துல பின்பக்கத்தைப் படிக்கலையா?"

'அவர் திரும்பும்வரை அந்த இடத்தில் வேறொருவரை நியமிக்காதிருப்பதே நல்லதோ என்று எண்ணப்படுகிறது.'

இரண்டு தடவை படித்தான். எழுத்துகள் மிதந்தன. கோபம் போன இடம் தெரியவில்லை.

"எப்படி மேடம்? அவர் வந்ததே முந்தாநாள். எங்க பக்கம் எட்டிக்கூடப் பார்க்கலை. நான் நின்னுக்கிட்டே கண் அசந்தது போன வாரம். அன்னிக்கு அந்த வழியா வந்த நீங்க மட்டும் கத்தலைன்னா, என் கை..."

கையை விரித்துப் பார்த்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"மேடம், இந்த எண்ணம்... யாருக்கு வந்துச்சு?"

அந்த அம்மா சாத்திய கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, சுத்தமான இலக்கணத்தில் சொன்னார்:

"எனக்கு வந்திருக்கக்கூடுமோ என்று எண்ணப்படுகிறது."