நாற்பது கிராம்

“நான் எதுவும் பேச வேண்டாம் ஐயா. எங்க தாத்தா நோட்டு பேசும்,” என்று பழுப்பேறிய நோட்டைத் தலைவர் முன்னால் தள்ளினார் எதிர்க்கடைக்காரர்.

பேக்கரியின் கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் நின்ற மருமகள் அதை எட்டிப் பார்த்தாள். நாளை குளிர்காலச் சந்தை. பரம்பரைச் செய்முறையை மாற்றாமல் பழக்கேக் சுடுகிறவர்களுக்குத்தான் வாசலை ஒட்டிய முதல் கடை. வருடாவருடம் அது இவர்களுக்கே வந்தது. அந்தப் பத்து நாள் விற்பனை இல்லையென்றால் மீதி வருடம் அடுப்பு எரியாது.

இரண்டு வாரத்துக்கு முன்பு எதிர்க்கடையிலும் அதே கேக் வந்துவிட்டது. அதே நிறம், அதே வாசனை. கேட்கப் போனால், “உங்க மாமனார்தான் எங்க தாத்தாகிட்ட வேலை செஞ்சப்போ பார்த்து எழுதிக்கிட்டுப் போனார்” என்று திருப்பி அடித்தார். விவகாரம் வியாபாரிகள் சங்கத் தலைவர் வரை போய், இதோ, அவரே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

தலைவர் அவசரமே படாத மனிதர். மாமியார் கொடுத்த சூடான திராட்சைச் சாற்றை ஊதி ஊதிக் குடித்தார். உதட்டில் ஒட்டிய கிராம்பை எடுத்துத் தட்டோரம் வைத்தார்.

“அந்தக் காலத்துல குளிர்ல புதுப் பழம் ஏது? உலர்ந்த பழத்தை ஊறப்போட்டு, கப்பல்ல வந்த வாசனைச் சரக்கைச் சேர்த்து, வருஷத்துக்கு ஒருதரம் சுடுவாங்க. சரக்கு விலை அப்படி. அதான் அளவைப் பூட்டி வெச்சுக்கிட்டாங்க.”

“நாங்க பூட்டலை, மாட்டி வெச்சிருக்கோம்,” என்று சுவரைக் காட்டினார் மாமியார்.

மரச்சட்டத்துக்குள் மாமனாரின் கையெழுத்து. அவர் திடீரென்று போய்ச் சேர்ந்த வருடம் மகன் கண்ணாடி போட்டு மாட்டியது. அடுத்த வருடம் வாழ வந்த மருமகளுக்கு அதில் ஒவ்வொரு எழுத்தும் மனப்பாடம்.

மருமகள் தலைவருக்குக் கேக் வெட்டி வைத்தாள். மாமியாரும் ஒரு துண்டை எடுத்து, திராட்சைச் சாற்றில் முக்கி வாயில் போட்டுக்கொண்டார்.

“சும்மா தின்னா ஒண்ணு குறையுது. தொட்டுக்கிட்டாத்தான் சரியா வருது.”

“அத்தை, இன்னைக்கு ஒரு நாளாவது வாயை மூடிக்கிட்டு இருங்களேன்,” மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தாள். இருபது குளிர்காலமாக இதே குத்தல். மருமகள் சுட்டதை நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் கிரீடம் இறங்கிவிடும்.

எதிர்க்கடைக்காரர் சிரித்தார். “பாருங்க ஐயா, வீட்டுக்குள்ளேயே ஒத்துக்க மாட்டேங்குறாங்க.”

“நீ பேசாதே. ஒரு பன்னு வாங்கிட்டு அரை மணி நேரம் அந்தச் சுவத்தையே பார்த்துக்கிட்டு நின்னவன்தானே?”

“பசிச்சா வர மாட்டாங்களா பெரியம்மா?”

“பேக்கரிக்காரனுக்குப் பசிச்சா எதிர்க்கடைக்கா வருவான்?”

தலைவர் கையைத் தூக்கினார். இருவரும் அடங்கினார்கள். அவர் நோட்டில் ஒரு வரி படித்தார், சுவரில் ஒரு வரி படித்தார். மாவு பத்து கிலோ. முட்டை நூற்றிருபது. திராட்சை, பேரீச்சை, ஆரஞ்சுத் தோல். ஒன்றுகூட மாறவில்லை.

“எழுத்துக்கு எழுத்து ஒண்ணு. ரெண்டுல நோட்டுதான் பழசாத் தெரியுது.”

மருமகள் ஓர் அடி முன்னால் வந்தாள்.

“ஆனா, இந்த ஒரு வரி இடிக்குதே,” என்று தலைவர் விரலை வைத்தார். “‘கொஞ்சம் பட்டை நாற்பது கிராம்.’ கொஞ்சம்னா கொஞ்சம். நாற்பது கிராம்னா நாற்பது கிராம். ரெண்டையும் சேர்த்து யார் எழுதுவாங்க?”

“தாத்தா பேசுற மாதிரியே எழுதுவார்,” என்றார் எதிர்க்கடைக்காரர்.

“மாமனாரும் அப்படித்தானாம் ஐயா,” என்றாள் மருமகள் அவசரமாக. இரண்டு வாரத்தில் இருவரும் ஒத்துப்போனது இந்த ஓர் இடத்தில்தான்.

“அந்தச் சட்டத்தைக் கழட்டும்மா.”

மருமகள் இறக்கிக் கொடுத்தாள். வெண்ணெய்க் கத்தியால் பின்னால் இருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக நெம்பினார் தலைவர். காகிதம் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. வலது ஓரத்தில், மரம் கவ்விக்கொண்டிருந்த ஒரு விரல் அகலம் மட்டும் வெளுப்பாக இருந்தது. அங்கே, அந்த வரியின் நுனியில், இத்தனை வருடம் வெளிச்சமே படாத ஓர் எழுத்து.

“பு,” என்று படித்தார் தலைவர். “கிராம் இல்லை. கிராம்பு. கொஞ்சம் பட்டை, நாற்பது கிராம்பு.” நோட்டைத் திருப்பி எதிர்க்கடைக்காரரிடம் காட்டினார். “உங்க தாத்தா நோட்டுல இடம் தாராளமாத்தான் இருக்கு. ‘பு’வைத்தான் காணோம். கண்ணாடி வழியாப் பார்த்து எழுதினா எப்படித் தெரியும்?”

எதிர்க்கடைக்காரர் நோட்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். கதவு மணி ஆடி நின்றது. மருமகள் சிதறிய ஆணிகளைப் பொறுக்கி எடுத்தாள்.

“கடை உங்களுக்குத்தான்மா.” தலைவர் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடுமுன், அதுவரை தொடாத கேக்கை ஒரு விள்ளல் விண்டு வாயில் போட்டார். மென்றார். இன்னொரு விள்ளல். நிதானமாக மென்றார். தட்டோரத்தில் கிடந்த கிராம்பைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், பேனாவை மூடினார்.

மாமியார் அடுத்த துண்டைத் திராட்சைச் சாற்றில் முக்கினார்.

“இருபது வருஷமாச் சொல்றேன், ஒண்ணு குறையுதுன்னு.”