காற்று வாயில் கட்டிய துணி

தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுத் தூசி சாலையை வெளுப்பாக்குகிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கரும்புகை கக்கி நின்றுவிட்ட டாக்சியின் பின்சீட்டில், சுரங்கத் தூசியால் நெஞ்சடைத்த காத்தவராயன் சீழ்க்கைச் சத்தத்தோடு மூச்சுக்குத் திணறுகிறார். அவர் மூக்கை ஈரத்துண்டால் மூடிப் பிடித்திருக்கிறாள் மனைவி தங்கம்மா. பக்கத்து ஷெட் மெக்கானிக் கழற்றிய பிளக்கில் கரி அப்பியிருக்கிறது. “எஞ்சினுக்குக் காத்து போற வாயில இன்னாத்துக்குப்பா துணி கட்டின?” என்கிறார் அவர். “தூசி போவக்கூடாதுன்னுதான். சுரங்க ஷாப்ட்டுல நாங்க ஈரத்துணிய மூக்குல கட்டிக்குவோமே,” என்கிறார், முன்பு சுரங்கத்தில் வேலை பார்த்த டிரைவர் ராஜப்பா. ஈரம் காய்ந்து மண்ணாய் இறுகிய துணியை மெக்கானிக் பிய்த்தெடுக்கிறார். பிளக்கைத் துடைத்து மாட்டியதும் எஞ்சின் சீராக மூச்சு விடுகிறது. அதைக் கேட்ட தங்கம்மா, கணவர் முகத்திலிருந்து துண்டை மெல்ல விலக்குகிறாள். அவர் நெஞ்சில் அதே சீழ்க்கைதான்.