இரண்டு மேற்கோள் குறிகள்

"இது மூணாவது தடவை, லிஜோ."

"சாரி சேச்சி. மறந்துபோச்சு."

கொச்சி காக்கநாட்டில் உள்ள மென்பொருள் அலுவலகத்தில் ஷைனி குழுத்தலைவி. லிஜோ அவளிடம் ஆறு மாதமாகப் பயிற்சியில் இருப்பவன். அவனை நிரந்தரமாக்கலாமா என்று இன்று மாலைக்குள் அவள் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அவன் எழுதிய கணினி ஸ்கிரிப்ட்டுக்கு ஒரே வேலைதான். வெள்ளிதோறும் நாலு மணிக்குப் பொது டிஸ்கில் கிடக்கும் சொந்தச் சமாச்சாரங்களை அழித்து, யார் எதை வைத்திருந்தார்கள் என்ற பட்டியலை மேலாளர் குரியன் சாருக்கு அனுப்ப வேண்டும்.

ஆனால் ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் அதற்குக் கண் தெரியாது. 'பூனை படங்கள்' என்றிருந்தால் பூனையைத் தனியாகவும் படங்களைத் தனியாகவும் தேடி, இரண்டுமே இல்லை என்று போய்விடும். பெயரின் முன்னும் பின்னும் மேற்கோள் குறி போட்டால் தீர்ந்தது. கல்லூரிப் பிள்ளைகளுக்கே தெரிந்த சங்கதி.

விஷயம் ஆபீஸ் முழுக்கப் பரவிவிட்டது. எல்லாரும் இடைவெளி விட்டே பெயர் வைத்தார்கள். சோமன் தன் பூனை தூங்குவதை மட்டும் அறுநூறு படம் சேர்த்திருந்தார். பாபுவிடம் ஓணத்துக்கு நடந்த வடம் இழுக்கும் போட்டி வீடியோ நாலு கோணத்தில் இருந்தது. நாலிலும் தோற்றது அவர் அணிதான்.

"ரெண்டு குறி போட என்னடா கஷ்டம்? கை சுளுக்கிக்குமா? குரியன் சாரும் கேட்டுட்டே இருக்கார்."

லிஜோ தலையைச் சொறிந்தான். டீ குடித்துவிட்டு வரட்டுமா என்று கேட்டான்.

அவன் போனதும் ஷைனி எழுதினாள்: 'அடிப்படையே தெரியவில்லை. பரிந்துரைக்க இயலாது.'

பிறகு தானே ஸ்கிரிப்ட்டைத் திறந்து குறிகளைப் போட்டாள். எதுவும் அழியாமல், பட்டியல் மட்டும் வரும்படி ஓட்டிப் பார்த்தாள்.

நாற்பத்தொரு பெயர் வந்தது. முதலில் பூனை. ஏழாவது, 'ஷைனி புது வேலை விண்ணப்பம்'.

அவள் காதுமடல் சூடேறியது. இரண்டு மாதம் முன்பு வேறு கம்பெனிக்குப் போட்டது. அச்செடுக்கப் பொது டிஸ்கில் வைத்தவள் அப்படியே மறந்துபோனாள். அந்த வேலையும் கிடைக்கவில்லை. இந்தப் பட்டியல் குரியன் சார் கைக்குப் போயிருந்தால் இந்த வேலையும் இருக்காது.

அவசரமாக அதை அழித்தாள். நல்லவேளை. இனி ஸ்கிரிப்ட் தாராளமாக ஓடட்டும்.

மணி மூன்று ஐம்பத்தைந்து. இந்தப் பயல் எப்போதாவது குறி போட்டிருக்கிறானா என்று ஸ்கிரிப்ட்டின் பழைய பிரதிகளைப் புரட்டினாள்.

முதல் நாளிலிருந்தே போட்டிருந்தான். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, நாலு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது, குறி இரண்டையும் எடுத்திருந்தான்.

அன்று மதியம்தான் அவள் விண்ணப்பத்தை அச்செடுத்தாள்.

ஃபோன் அடித்தது. குரியன் சார்.

"அந்தக் குறியைப் போட்டாச்சா, ஷைனி?"

ஷைனி லிஜோவைப் பற்றி எழுதியதை நீக்கினாள். பிறகு ஸ்கிரிப்ட்டில் போட்ட குறிகளை ஒவ்வொன்றாக அழித்தாள்.

"சாரி சார். மறந்துபோச்சு."