மூன்றாம் பரிசு

"இன்னைக்கு ஒரு நல்ல செய்தி கொண்டு வந்தா வேலை. இல்லேன்னா டாட்டா." புதிதாகச் சேர்ந்த டெல்ஃபீனாவிடம் காலையிலேயே சொல்லிவிட்டார் பத்திரிகை ஆசிரியர் ப்ரூயிட்.

நியூ மெக்சிகோவில் எங்கள் ஊரில் அன்று வேற்றுக்கிரகவாசிகள் திருவிழா. ஊரே பச்சை வேஷத்தில் திரிந்தது. மாலையில் டெல்ஃபீனா சிரித்துக்கொண்டே அலுவலகம் திரும்பினாள்.

"மாறுவேடப் போட்டியில மூணாம் பரிசு வாங்கின ரெண்டு பேரும் என் ஃப்ரெண்ட்ஸ் ஆயிட்டாங்க சார். அவங்க வேஷமே போடல. நிஜமாவே வேற கிரகம்."

ப்ரூயிட்டுக்குக் காபி புரையேறியது. "கிரகமா? அப்போ ஏன் மூணாம் பரிசு?"

"இயல்பா இல்லைன்னு நடுவருங்க மார்க்கைக் குறைச்சுட்டாங்களாம். பாவம், அழுதுட்டாங்க. பச்சை மிளகாய் பர்கர் வாங்கிக் கொடுத்துப் பேட்டி எடுத்தேன். பர்கரை விட்டுட்டுச் சுத்தியிருந்த காகிதத்தைத் தின்னாங்க."

"அளக்காதே! ஊரே பார்த்திருக்கு. யாருக்கும் தெரியாதது உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

டெல்ஃபீனா தன் வெள்ளைக் கோலை மடித்து, மேஜையைத் தடவி அதன்மேல் வைத்தாள்.

"ரோட்டைக் கடக்க யார் உதவினாலும் அவங்க முழங்கையைத்தானே பிடிச்சுக்குவேன்? அவங்கள்ல ஒருத்தர் உதவினார். அவரோட ஒரு கையில மூணு முழங்கை இருந்துச்சு சார். எதைப் பிடிக்கிறதுன்னே புரியல."

ப்ரூயிட் விழுந்து விழுந்து சிரித்தார்.

"வாசல்லதான் நிக்கிறாங்க. போய்க் கை குலுக்குங்க. கண்ணை மட்டும் மூடிக்குங்க."

சிரித்தபடியே போனவர் தன் முழங்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டே திரும்பி வந்தார். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டார்.

"முதல் பக்கம் காலியா இருக்கு," என்றார் மெதுவாக. "தலைப்பு என்ன வைக்கலாம், நிருபர் மேடம்?"