சூடுசுரணை

"என்ரை காலை எடுத்த கண்ணிவெடியைப் புதைச்ச நாசமறுவானைக் கண்டால் கழுத்தை நெரிப்பன்."

ஒஸ்லோவில் செயற்கைக் கால் பொருத்துமிடத்தில் காத்திருந்தபோது குலேந்திரன் நோர்வேஜிய மொழியில் கொதித்தான்.

பக்கத்திலிருந்த கிரகாம் சிரித்தார். வியட்நாம் போரில் ஒரு காலைப் பறிகொடுத்த ஆஸ்திரேலியச் சிப்பாய். நோர்வேக்காரியைக் கட்டி இங்கேயே தங்கிவிட்டவர்.

அந்தச் சிரிப்பு குலேந்திரனுக்கு இன்னும் எரிச்சலூட்டியது. "உங்களுக்குச் சூடுசுரணை இல்லையோ? உங்கடை காலை எடுத்த கண்ணியைப் புதைச்சவனைக் கண்டால் சும்மா விடுவியளோ?"

"ஒவ்வொரு காலமையும் காணுறன். முகம் வழிச்சு விடுறன்."

"பகிடி விடாதேங்கோ."

"பகிடியில்லை. எதிரிக்கெண்டு நான் புதைச்ச கண்ணி. பின்வாங்கேக்கை நானே மிதிச்சிட்டன்."

ஊரில் இயக்கத்துக்காகக் கண்ணி புதைத்த குலேந்திரனின் கை, அன்று காலை வழித்த தாடையைத் தடவியபடியே இருந்தது.