ஏழாவது நொடி

ஜவுளிக்கடையின் விளம்பர வீடியோவை எந்த நொடியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் டாஷ்போர்டில், கோடு ஏழாவது நொடியில் மட்டும் செங்குத்தாக ஏறி நின்றது. எல்லோரும் அந்த நொடியையே ஓட்டி ஓட்டிப் பார்த்திருந்தார்கள். அங்கே தெரிந்தது ஒரு பொம்மையின் முதுகு. சேலை கட்டாத பொம்மையைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைப்பது அந்த ஜவுளிக்கடை வழக்கம்.

“துணியில்லாத பொம்மையையா இத்தனை பேரு பாக்குறாங்க? கடை மானம் போகுது, வெட்டிரும்மா,” என்றார் முதலாளி பதுருதீன்.

விளம்பரங்களைக் கவனிக்கும் தமயந்தி கடையில் உட்கார்ந்தபடியே வெட்டி, மறுபடி ஏற்றினாள். கொஞ்ச நேரத்தில் கோடு தரையோடு படுத்துவிட்டது. வீடியோவுக்குக் கீழே கமெண்ட்டில் ஆளாளுக்கு ஒரே கேள்வி.

“அந்தப் பொண்ணு திரும்பிப் பாத்துச் சிரிக்கிறத ஏன் வெட்டிட்டீங்க?”

அவள் வாய்விட்டுப் படித்தாள். எதிரே இருந்த பதுருதீன் அவள் தோளுக்கு மேலாக, பொம்மை நின்ற சுவர்ப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.