கார்டின் வயது

பாராட்டு நிற்பதாக இல்லை.

“பதிமூணு வருசமா ஒரே கிரெடிட் கார்டுங்க சார். ஒரு மாசம்கூடத் தவணை தள்ளிப் போகலை. இது மட்டும் இல்லீன்னா உங்க ஃபைலை நான் மேல அனுப்பவே முடியாதுங்க.”

வங்கியில் வீட்டுக்கடன் பார்க்கும் பெண். சின்ன வயது. நல்ல செய்தி சொல்லக் கிடைத்த சந்தோஷம் அவள் முகமெல்லாம் இருந்தது.

அவன் மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் நிறுத்த வேண்டும். இப்போதே நிறுத்த வேண்டும்.

பக்கத்து நாற்காலியில் மனைவி.

“கார்டுங்களா?” என்றாள் கோகிலவாணி. “கார்டெல்லாம் இவருகிட்ட இல்லீங்க கண்ணு. அது ஒம்பது வருசம் முன்னாலயே மூடியாச்சு. வேற யாரோடதோ இவரு பேர்ல ஏறியிருக்கும். நல்லாப் பாருங்க.”

குரலில் துளி சந்தேகம் இல்லை.



அவன் செல்போனில் பணம் வைத்துச் சீட்டாடித் தோற்ற காலம் அது. தோற்றதெல்லாம் அந்தக் கார்டில். வேலையை விட்டால்தான் அவளுடைய பிஎஃப் பணம் முழுசாகக் கைக்கு வரும் என்றார்கள். அவள் பனியன் கம்பெனி வேலையை விட்டாள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து சேர்ந்த பணம். வந்த அன்றைக்கே கொண்டுபோய்க் கார்டுக்குக் கட்டினாள்.

அன்று சாயங்காலம், அவள் கண்ணெதிரே கார்டை நாலு துண்டாக வெட்டினான்.

கார்டை வெட்டினால் கணக்கு மூடிவிடாது. அது அவனுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

மறுநாள் மூடச் சொல்லத்தான் போன் போட்டான். வருடக் கட்டணம் கட்ட வேண்டாம், வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். சரி என்றுவிட்டான்.

ஏன் என்று தெரியவில்லை.

தெரியும். ஆத்திர அவசரத்துக்கு ஒன்று இருக்கட்டும் என்றுதான். இன்னும் கொஞ்சம் தோண்டினால், மறுபடி ஆடத் தோன்றினால் கையில் ஏதாவது வேண்டுமே என்றும்தான்.

ஆடவில்லை. அதையும் சொல்ல வேண்டும். அதே கணக்குக்குப் புதுக் கார்டு அவன் வேலை பார்க்கும் மோட்டார் கடை விலாசத்துக்கு வந்தது. மாதம் ஒருமுறை பெட்ரோல் போடுவான். தேதிக்கு முன்னாலேயே கட்டிவிடுவான். கட்டும்போதெல்லாம் தன்னைப் போல யோக்கியன் இந்தத் திருப்பூரில் உண்டா என்று தோன்றும். அந்த யோக்கியன் வீட்டுக்குக் கிளம்பும்போது கார்டைக் கடை மேசைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வருவான்.

அவளோ ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். அண்ணனிடம் சொன்னாள். குத்தலாகப் பேசிய நாத்தனாரிடமும் சொன்னாள். எங்க வீட்டுக்காரரு அன்னிக்கு வெட்டிப் போட்டவருதான், அப்புறம் தொட்டதில்லை.

வங்கிப் பெண் திரையை இன்னொரு முறை பார்த்தாள். முகத்தில் சந்தோஷம் குறைந்தது.

“தப்பா ஏறியிருந்தா எழுதிக் குடுத்து எடுத்தர்லாங்க அக்கா. ஆனா எடுத்துட்டா, சார் பேர்ல மிச்சம் இருக்கறது போன வருசம் ஃப்ரிட்ஜ் வாங்குன தவணை ஒண்ணுதான். ஒரு வருசக் கணக்கைப் பாத்து இருபது வருசத்துக்கு எப்படிங்க கடன் குடுப்பாங்க? கடன் கணக்கு பழசா இருந்தாத்தாங்க மார்க்கு.”

“அப்ப லோன்?”

“கஷ்டங்க அக்கா.”

காங்கயம் ரோட்டுப் பக்கம் இரண்டு அறை வீடு. முன்பணம் கொடுத்தாகிவிட்டது. எந்த ஜன்னலுக்கு எந்தத் திரை என்பதுவரை அவள் முடிவு செய்துவிட்டாள்.

கோகிலவாணி யோசிக்கவே இல்லை.

“அடுத்தவங்க கார்டைக் காட்டி எங்களுக்கு வீடு வேண்டாங்க. எடுத்துருங்க. எங்க எழுதோணும்?”

வெள்ளைத் தாள் வந்தது. பேனாவும் வந்தது.

அவன் பேசாமல் இருந்தால் வீடு போகும். அவ்வளவுதான். வீடு போகட்டும் என்றே ஒரு கணம் நினைத்தான். அப்படி நினைத்ததுதான் எல்லாவற்றையும் விட வெட்கமாக இருந்தது.

அவள் குனிந்து எழுத ஆரம்பித்தாள். ‘என் கணவர் பெயரில் தவறாக...’

“என்னுதுதாங்க,” என்றான்.

அவளிடம் சொல்ல வேண்டியதை அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொன்னான்.

பேனா நின்றது.

“அட, அதானே பாத்தேன்!” வங்கிப் பெண்ணுக்கு உயிர் வந்தது. “அக்காவுக்குத் தெரியாமப் போச்சாட்ட இருக்குது. பரவால்லீங்க. இனிக் கவலையே இல்லை.”

விண்ணப்பம் வந்தது. கோகிலவாணி எழுதிய தாளை இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். எங்கெங்கே கையெழுத்து என்று கேட்டாள். காட்டிய இடத்திலெல்லாம் போட்டாள். அவசரமும் இல்லை, நடுக்கமும் இல்லை.

திட்டியிருக்கலாம். இத்தனை பேர் முன்னால் கத்தியிருக்கலாம். திரும்பி ஒரு பார்வையாவது பார்த்திருக்கலாம்.

அவனும் கையெழுத்துப் போட்டான். பெயரின் கடைசி எழுத்து கோணலாகப் போனது.

எழுந்தார்கள். வங்கிப் பெண்ணும் மரியாதைக்கு எழுந்தாள்.

“ஒண்ணே ஒண்ணுங்க சார். அந்தக் கார்டை மட்டும் மூடிறாதீங்க.”



கோகிலவாணி பேனாவைத் திருப்பிக் கொடுத்தாள்.

“மூட மாட்டாருங்க,” என்றாள்.